பாட்டிலின் முதுகு

(சென்னை சூளைமேட்டில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் திசையன்விளை அண்ணாச்சி. எதிரே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, குளிர்பானக் கம்பெனி ஏரியா மேனேஜர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எதுவானாலும் பேச்சு இதேதான்.)

மேனேஜர்: அண்ணாச்சி, வணக்கம்! உங்களுக்குப் புது பிரிட்ஜ் சாங்ஷன் ஆயிருக்கு. வாடகை கிடையாது. கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுல நம்ம பாட்டில் மட்டும் நிக்கணும். தண்ணி பாட்டில், மோர் பாக்கெட்லாம் அடித்தட்டு.

அண்ணாச்சி: கரண்டு பில்லு யாரு கட்டுவா?

மேனேஜர்: அது நீங்கதான். ஆனா ஸ்கீம் இருக்கே! கேஸுக்கு ரெண்டு பாட்டில் ஃப்ரீ.

அண்ணாச்சி: இந்தக் கலர்ல சீனி எவ்வளவு கிடக்குன்னு சொல்லுங்க தம்பி. வாங்குதவங்க கேட்டா நான் பதில் சொல்லணும்லா.

மேனேஜர்: எல்லாமே லேபிள்ல இருக்கு. நாங்க எதையும் மறைக்கறதே இல்ல.

அண்ணாச்சி: எங்க இருக்கு?

மேனேஜர்: திருப்புங்க. பார்கோடுக்குக் கீழ. இன்னும் கீழ. அந்த மடிப்புகிட்ட. வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. சிவப்புல சிவப்பா ஒரு கட்டம் தெரியுதா?

அண்ணாச்சி: எறும்பு வரிசை போவுத மாதிரி இருக்கு. (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) நூறு மில்லிக்கு 11 கிராம். பாட்டிலு 600 மில்லி. ஆறு பதினொண்ணு அறுபத்தாறு. ஸ்பூனுக்கு நாலு கிராம்னு வச்சா பதினாறரை ஸ்பூன்.

மேனேஜர்: நீங்க ஏன் சிரமப்பட்டுப் பெருக்கறீங்க? பக்கத்துலயே போட்டிருக்கோம் பாருங்க. ஒரு பரிமாறல் 200 மில்லி, ஒரு நாள் அளவுல 44 சதவீதம். பாதிகூட இல்ல!

அண்ணாச்சி: மூணு பரிமாறலுக்கு 132 சதவீதம். நாளைக்குள்ள கணக்குலயும் கை வச்சாச்சு.

மேனேஜர்: ஒரு பாட்டிலை மூணு பேர் பகிர்ந்துக்குவாங்கங்கறது எங்க நம்பிக்கை. குடும்ப ஒற்றுமை.

அண்ணாச்சி: இங்க வார காலேஜ் பையன் மூடியத் திறந்து அண்ணாந்தாம்னா காலி பாட்டிலாத்தான் கீழ வைக்கான். அவன் எந்தக் குடும்பத்தோட குடிக்கான்? அதுலயும் இந்த 44, நாளைக்கு 50 கிராம் சீனி சேக்கலாம்னு வச்சுப் போட்ட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015லயே, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள நிறுத்துங்கன்னு சொல்லிட்டு. அந்தக் கணக்குக்குப் போனா உங்க லேபிள்ல இடம் பத்தாது.

மேனேஜர்: அண்ணாச்சி, உண்மையச் சொல்லட்டுமா? யாருமே லேபிள் படிக்கறதில்ல. படிக்காத மக்களுக்கு எதுக்குப் பெரிய எழுத்து?

அண்ணாச்சி: முதுகைப் படிக்க மாட்டாவ. முகத்தைப் படிப்பாவ. முன்னால ‘ஓ.ஆர்.எஸ்.’னு போட்ட டப்பாவ வயித்துப்போக்கு வந்த பிள்ளைக்குத் தாய்மாருக நம்பி வாங்கலியா? உள்ள இருந்தது சீனித் தண்ணி. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்னு ஒரு அளவு வச்சிருக்காவ, அது மருந்து. அதுக்குப் பல மடங்கு சீனியக் கரைச்சு, பேரை மட்டும் வச்சிக்கிட்டாவ. ஹைதராபாத்துல சிவரஞ்சனி சந்தோஷ்னு குழந்தைகளுக்குப் பாக்குற டாக்டரம்மா எட்டு வருசமா ஒத்தையில மல்லுக்கட்டினாவ. 2025 அக்டோபர்லதான் அந்தப் பேரை எடுங்கன்னு உத்தரவு வந்துச்சு.

மேனேஜர்: அதுலயும் ‘இது உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓ.ஆர்.எஸ். இல்லை’ன்னு எழுதித்தானே வித்தாங்க!

அண்ணாச்சி: எழுதினாவ. முன்னால பேரு பெருசு, இல்லைங்கிறது பொடிசு.

(மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். டார்கெட் முடியாத மாசக் கடைசியில் இவர்களுக்கும் மனம் விட்டுப் பேச ஆள் வேண்டியிருக்கிறது.)

மேனேஜர்: உங்ககிட்ட சொன்னா என்ன? எங்களுக்குப் பின்பக்க லேபிளால ஒரு தொல்லையும் இல்ல. பயமெல்லாம் முன்பக்கம்தான். சிலில 2016ல என்ன பண்ணாங்க தெரியுமா? எட்டு மூலை வச்ச கறுப்பு முத்திரை. ‘சர்க்கரை அதிகம்’னு பாட்டில் நெத்தியில. முத்திரை விழுந்தா பொம்மைப் படம் போடக் கூடாது, பள்ளிக்கூடத்துல விக்கக் கூடாது. ஒண்ணரை வருஷத்துல முத்திரை பானங்கள ஜனங்க வாங்கறது 24 சதவீதம் கிட்ட குறைஞ்சதுன்னு ஆய்வு வந்துச்சு. படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல.

அண்ணாச்சி: பாவம்!

மேனேஜர்: சிங்கப்பூர் இன்னும் மோசம். 2022 டிசம்பர் 30லேர்ந்து ஏ, பி, சி, டின்னு கிரேடு. நூறு மில்லிக்கு 10 கிராம் தாண்டினா டி. டி வாங்கினா விளம்பரமே பண்ண முடியாது.

அண்ணாச்சி: பொறவு? டி வாங்கிட்டு அப்படியே வித்தீயளா?

மேனேஜர்: எப்படி விக்கறது? சர்க்கரையைக் குறைச்சிட்டாங்க. அங்க டப்பா பானங்கள்ல நடுவாந்தர அளவு 2017ல நூறு மில்லிக்கு 7.1 கிராம். 2023ல 4.6.

அண்ணாச்சி: குறைக்க முடியும்னு அர்த்தம்.

மேனேஜர்: (குரலைத் தாழ்த்தி) முடியும். ஆனா அங்கதான் முடியும். இங்க நம்ம மக்களோட ருசி வேற.

அண்ணாச்சி: சட்டம் வேறன்னு சொல்லுங்க. சட்டம் வந்ததும் சிங்கப்பூர்க்காரன் நாக்கு ஒரே ராத்திரில மாறிட்டோ?

மேனேஜர்: இலங்கை மாதிரி ஒரு லேபிள் வந்தா நான் வேணாம்னே சொல்ல மாட்டேன். 2016 ஆகஸ்ட்ல கொண்டு வந்தாங்க. நூறு மில்லிக்கு 2 கிராமுக்குக் கீழன்னா பச்சை, 11 தாண்டினா சிவப்பு, நடுவுல மஞ்சள்.

அண்ணாச்சி: அப்ப 10.9 இருந்தா?

மேனேஜர்: மஞ்சள்! ரெண்டே ரெண்டு கிராம் போட்டவனுக்கும் அதே மஞ்சள்தான். எவ்வளவு பரந்த மனசு பாருங்க. நம்ம ஊருக்கு அதைவிட அழகான யோசனை ஒண்ணு வந்துச்சு. 2022 செப்டம்பர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் நட்சத்திரம் போடலாம்னு வரைவு விட்டாங்க. அரை நட்சத்திரத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும்.

அண்ணாச்சி: ரொம்ப மோசமான சரக்குக்கும் அரை நட்சத்திரமா? பெயிலே கிடையாதா?

மேனேஜர்: பெயில் போட்டா குழந்தைங்க மனசு கஷ்டப்படும்ல! கொஞ்சம் பழம், கொஞ்சம் நார்ச்சத்து காட்டினா மார்க் ஏறும். ஆனா டாக்டருங்க விடல; நட்சத்திரம் பார்த்தா நல்ல பொருள்னு ஜனங்க நினைப்பாங்க, எச்சரிக்கைதான் வேணும்னு நிக்கறாங்க. 2024 ஜூலைல சர்க்கரை, உப்பு, கொழுப்பைத் தடிச்ச எழுத்துல போடலாம்னு இன்னொரு யோசனை. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் மூணு மாசத்துல முடிவு சொல்லுங்கன்னுச்சு. மூணு மாசம் கழிச்சு ஆணையத்துக்காரங்க இன்னொரு மூணு மாசம் வாங்கினாங்க.

அண்ணாச்சி: நம்ம கடைல கடன் சொல்லுதவன்கூட ரெண்டாவது தவணைக்குக் கொஞ்சம் கூச்சப்படுவான்.

மேனேஜர்: என்னையே கேக்கறீங்களே, உங்க நன்னாரி சர்பத்துல லேபிள் இருக்கா? சிங்கப்பூர்ல 2023 டிசம்பர் 30லேர்ந்து கடைல கலக்கற டீ, காபி, ஜூஸுக்கும் கிரேடு போடணும். உங்களுக்கு என்ன வரும் சொல்லுங்க!

அண்ணாச்சி: (கொஞ்சம் யோசித்து) டிதான் வரும். பாகு நாலு கரண்டி விடுதேன்லா. ஆனா குடிக்க வாரவன் ‘சீனி கம்மியா போடுங்க அண்ணாச்சி’ம்பான், ரெண்டு கரண்டில நிப்பாட்டுவேன். உங்க பாட்டில்கிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?

மேனேஜர்: அதுக்குத்தான் சர்க்கரையே இல்லாத ரகம் விட்டிருக்கோமே!

அண்ணாச்சி: அதுல வேற இனிப்பு மருந்து. சிலிலயும் சீனியக் குறைச்சவங்க நெறைய பேரு அதுக்குத்தானே தாவினாவ. சிங்கப்பூர்க்காரன் உசாரு, அதப் போட்டா ஏ கிடையாதுன்னுட்டான். நல்லாக் கேட்டுக்கிடுங்க தம்பி. முன்னால போடுன்னா சீனியக் குறைப்பீய. பின்னால போடுன்னா எழுத்தக் குறைப்பீய. இத்தன வருசமா உங்க கம்பெனி குறைச்சது எழுத்துதான்.

மேனேஜர்: சரி, பிரிட்ஜ் வேணுமா வேணாமா? கையெழுத்துப் போடுங்க, எனக்கு இன்னும் ஏழு கடை இருக்கு.

அண்ணாச்சி: வேணும். வெயிலு கொளுத்துது. (கையெழுத்துப் போடுகிறார். பிறகு பால் கணக்கு எழுதும் ஸ்லேட்டைத் துடைத்து, சாக்பீஸால் பெரிதாக எழுதிப் புது பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிறார்: ‘600 மி.லி. = 66 கிராம் = பதினாறரை ஸ்பூன் சீனி.’)

மேனேஜர்: அண்ணாச்சி! இது ஒப்பந்தத்துக்கு விரோதம்!

அண்ணாச்சி: ஒப்பந்தத்தப் படிச்சேன். பிரிட்ஜ் மேல ஒண்ணும் ஒட்டக் கூடாதுன்னு ஒம்பதாவது வரில பொடி எழுத்துல இருக்கு. செவுரு பத்தி ஒரு வரிகூட இல்ல.