நாலு நிமிடம் இருபது நொடி

ஹோட்டலுக்கு ஐபிடிவி போட்டுத் தரும் வேலை கிடைத்திருக்கிறதா? வாழ்த்துகள். அறைக்கு ஒரு டிவி, மாடிக்கு ஒரு ஸ்விட்ச், நாற்பது சேனல், சேனலுக்குச் சுமார் 8 எம்பிபிஎஸ். முதலாளி கையெழுத்துப் போட்டு நீங்கள் லிஃப்டில் இறங்கும்வரை எல்லாம் ஓட வேண்டும். அதற்கு மேல் ஓட வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை.

முதலில் ஸ்விட்சை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே, மல்டிகாஸ்ட் பக்கம் போகாமல் மாட்டுங்கள். எந்தச் சேனல் யாருக்கு வேண்டும் என்று அதற்குத் தெரியாது. விவரமில்லாத ஆள் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியதுபோல, பாயசத்துக்குப் போய்விட்டவர் இலையிலும் ஊற்றும். ரிசப்ஷனில் இருக்கும் பில் பிரிண்டருக்கும் நாற்பது சேனல் போய்ச் சேரும்: 100 எம்பிபிஎஸ் ஒயரில் 320. பில் வரவில்லை என்றால் முதலாளியே மாடி ஏறி வருவார்.

வந்தவர் எதிரிலேயே ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ கட்டத்தில் டிக் அடியுங்கள். ஒட்டுக்கேட்பது என்று பொருள். “எனக்கு 239.1.1.7” என்று சேனலின் முகவரியைச் சொல்லி டிவி கேட்பதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் அந்தச் சேனலை விடும். யாரும் கேட்காத மல்டிகாஸ்ட்டை என்ன செய்ய என்று பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தால், ‘டிராப்’. பிரிண்டர் பில் துப்பும். டிவியில் கிரிக்கெட் ஓடும்.

இப்போதுதான் கை நடுங்காமல் இருக்க வேண்டும். கீழே ‘குவெரியர்’ என்று ஒரு வரி இருக்கும், டிக் அடிக்காமல் அப்படியே விடுங்கள். “யாருக்கு சாம்பார்?” என்று 125 நொடிக்கு ஒருமுறை குரல் கொடுக்கிறவர் அவர். அந்தக் குரல் கேட்டால்தான் டிவி மறுபடி கையைத் தூக்கும். குரலே இல்லையென்றால் டிவி தேமே என்று உட்கார்ந்திருக்கும். ஸ்விட்ச் 260 நொடி பார்த்துவிட்டு இலையை எடுத்துவிடும். நாலு நிமிடம் இருபது நொடி. டெமோவை மூன்று நிமிடத்தில் முடியுங்கள்.

நான் இதை முதன்முதலில் தெரியாமல்தான் செய்தேன். வண்டியை எடுப்பதற்குள் போன். “சார், 302-ல கிரிக்கெட் அப்படியே நின்னுபோச்சு.” “சேனல மாத்திட்டுத் திரும்ப வரச் சொல்லுங்க.” வந்துவிட்டது! மாற்றி வரும்போது டிவி புதிதாகக் கேட்கிறதே, இன்னொரு 260 நொடி. அடுத்த வாரம் போனால் ஒவ்வொரு டிவி ஓரத்திலும் லேமினேட் செய்த அட்டை: ‘டிவி நின்றால் ▲ ஒருமுறை, ▼ ஒருமுறை அழுத்தவும்.’ எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சேனல்களுக்கு நம்பர் கொடுக்கும்போது 239.0.0.10, 239.0.0.11 என்று கண்ணுக்கு அழகாக ஆரம்பியுங்கள். ஐபி முகவரியின் கடைசி 23 பிட்தான் மேக் முகவரிக்குள் போகும் என்பதால், 239.0.0.10-க்கும் 224.0.0.10-க்கும் மேக் ஒன்றே. 224.0.0-வில் தொடங்குபவை ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முகவரிகள். அவற்றை ஸ்விட்ச் தடுக்காமல் எல்லாருக்கும் விடும். மேக்கை மட்டும் பார்க்கிற ஸ்விட்சாக இருந்தால் உங்கள் சேனலும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிடும். டிக் அடித்தும் அடிக்காத கதை.

‘ஃபாஸ்ட் லீவ்’ இருந்தால் அதையும் போடுங்கள். ஒரே ஒயரில் இரண்டு டிவி உள்ள அறையில், உள்ளே குழந்தை கார்ட்டூனை மாற்றினால், வெளியே அதே கார்ட்டூனை ரகசியமாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் நின்றுபோகும்.

விவரம் தெரிந்த எவனாவது வந்து “குவெரியர் போடுங்க” என்று அடம்பிடித்தால் மறுக்காதீர்கள். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில், பிரிண்டர் மாட்டியிருக்கும் எட்டு போர்ட் ஸ்விட்சில் போட்டு, அதற்கு இருப்பதிலேயே சின்ன ஐபி கொடுங்கள். குவெரியர் தேர்தலில் தகுதி பார்ப்பதில்லை. 1997-இல் வந்த ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பிலிருந்து சின்ன ஐபிதான் ஜெயிக்கும். குவெரியர் இருக்கும் திசையில் ரூட்டர் இருப்பதாக நினைத்து, மற்ற ஸ்விட்சுகள் நாற்பது சேனலையும் அந்தப் பக்கமே தள்ளும். அந்த ஒயரும் 100 எம்பிபிஎஸ்தான்.

முதலாளி கூப்பிடுவார். “பில் வரல.”

“டிவி ஓடுதா சார்?”

“பக்கத்து ரூம்ல ஓடுது.”

“அப்போ மீதிப் பணம்?”