கண்டுபிடிப்பைக் கட்டி மேய்ப்பது எப்படி?

மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கப் போகிறீர்கள். காலம், 1879க்கும் 1927க்கும் நடுவே ஏதோ ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். பணம் இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, லேத் இருக்கிறது. தலைவலி ஒன்றே ஒன்றுதான்: புதிதாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் ஆசாமிகள். நேற்று சரி என்று சொன்னதை இன்று கழற்றிப் போடுவார்கள். இவர்களைக் கட்டி மேய்க்கப் பெரியவர்கள் காட்டிய வழிகள் உண்டு. எல்லாமே நடத்திப் பார்த்தவை. பலன் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

தலையாய வழி, வண்டியே செய்யாமல் இருப்பது. நோகாமல் நுங்கு தின்ன இதைவிட நல்ல உபாயம் கிடையாது. இதில் குருநாதர் ஜார்ஜ் செல்டன், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் காப்புரிமை வக்கீல். 1876இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியில் பிரேட்டன் என்பவரின் எஞ்சினைப் பார்த்தார். அதைச் சின்னதாக்கி ஒரு வண்டியில் பூட்டினால் குதிரை எதற்கு என்று தோன்றியது. 1878இல் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்யவைத்து, அதில் ஒரே ஒரு சிலிண்டரை ஓட்டியும் பார்த்தார். அத்தோடு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கையில் எடுத்தார். 1879 மே மாதம் விண்ணப்பம் போனது. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், அப்போது பாங்கு குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன். ஆமாம், பின்னாளில் கோடாக் கம்பெனியைத் தொடங்கிய அதே ஈஸ்ட்மன்தான்.

வித்தை இனிமேல்தான். காப்புரிமை அலுவலகம் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல அப்போது இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. செல்டன் அந்த அவகாசத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தார். ஒரு வரியைத் திருத்துவார், ஒரு கோரிக்கையைச் சேர்ப்பார், மறுபடி வாய்தா. இப்படியே 16 வருடம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். காப்புரிமை கைக்கு வந்த நாளிலிருந்து 17 வருடம்தான் அன்று அதற்கு ஆயுள். கார் வாங்க நாதியில்லாத காலத்தில் அதை வாங்கி வைத்து என்ன செய்வது? ஜெர்மனியில் பென்ஸும் டைம்லரும், அமெரிக்காவில் டூரியே சகோதரர்களும் எண்ணெய்க் கறையோடு வண்டிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடுபட்டு ஊருக்கு ஆசை காட்டி முடித்த பிறகு, 1895 நவம்பர் 5ஆம் தேதி செல்டனுக்கு 549,160ஆம் எண் காப்புரிமை கிடைத்தது. பெட்ரோல் எஞ்சினில் ஓடும் எந்த வண்டியும் இதற்குள் அடங்கும் என்று வாதிடுகிற அளவுக்கு அதன் வாசகம் அகலமானது.

அதை விற்கும்போது பெட்ரோல் காரே செய்யாத ஆளாகப் பார்த்து விற்பது உத்தமம். 1899இல் அதை வாங்கியவர்கள் பாட்டரி டாக்சி ஓட்டும் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியின் முதலாளிகள். பத்தாயிரம் டாலர் ரொக்கம், வசூலில் பங்கு என்று பேச்சு. 1903இல் பெரிய கார் கம்பெனிகள் அவர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. உரிமம் வாங்கியவர்கள் ஒவ்வொரு காருக்கும் விலையில் 1.25 சதவீதம் கப்பம் கட்ட வேண்டும். உரிமம் இல்லாத காரை வாங்கினால் வழக்கும் கூடவே வரும் என்று பத்திரிகைகளில் பயமுறுத்தி விளம்பரம் வேறு.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வாசலுக்கு வருகிற ஆளை இளக்காரம் செய்யாதீர்கள். ஹென்றி ஃபோர்டும் முதலில் உரிமம் கேட்டுத்தான் போனார். உதிரிப் பாகங்களை வெளியில் வாங்கி முடுக்குகிற நீயெல்லாம் ஒரு கார் கம்பெனியா என்கிற தொனியில் பதில் வந்தது. கொடுத்துத் தொலைத்திருந்தால் காலமெல்லாம் கப்பம் வந்திருக்கும். கொடுக்காததால் ஃபோர்டு உரிமம் இல்லாமலே வண்டி செய்ய, எட்டு வருடம் வழக்கு நடந்தது. வழக்குக்கு வலுச் சேர்க்க, 1879 விண்ணப்பத்தில் வரைந்த வண்டியைச் செல்டன் தரப்பினர் ஒருவழியாகச் செய்தார்கள். அதன் பக்கவாட்டில் ‘1877’ என்று பெரிதாக எழுதியும் வைத்தார்கள். பெயிண்ட் என்னவோ புதுசு. ஓட்டிக் காட்டியபோது அது பெருமைப்படும்படி ஓடவில்லை. ஆனாலும் 1909இல் நீதிபதி செல்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்; இந்த வழியின் மகிமை அப்படி. 1911 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. எரிபொருளும் காற்றும் சிலிண்டருக்குள் நுழைய நுழைய எரிவது பிரேட்டன் எஞ்சின். உள்ளேயே அழுத்தி ஒரு தீப்பொறியில் வெடிக்கவைப்பது ஓட்டோ முறை. காப்புரிமை செல்லும், ஆனால் அது முன்னதற்கு மட்டுமே. ஊரில் எல்லோரும் செய்வது பின்னது, ஆகையால் ஃபோர்டு உட்பட யாரும் பாக்கி இல்லை. 1912இல் எப்படியும் அந்தக் காகிதம் காலாவதியாக இருந்தது.

வண்டி செய்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறீர்களா? சரி. அப்படியானால் வீட்டில் இருப்பவர்கள் கைக்குச் சாவி எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு மனு போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பட்டறையிலேயே நோண்டிக்கொண்டிருந்தார். சீதனப் பணத்தைப் போட்டு அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் ஒருநாள் அவர் கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். அம்மா வீட்டுக்கு! நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் கறை போக்க விற்கும் லிக்ரோயினை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்ததும் ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று சொல்ல, பென்ஸ் வைத்தே ஆகவேண்டியதாயிற்று. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நடக்கும் சோதனை இப்படித்தான் முடியும்: குறை தெரிந்துவிடும்.

ஒருவேளை வண்டி நன்றாகவே அமைந்து, ஊரே வாங்குகிறது என்றால் உடனே கதவைச் சாத்துங்கள். இந்த அத்தியாயத்துக்கு ஆசிரியர் ஃபோர்டு. 1908 அக்டோபரில் அவருடைய மாடல்-டி வந்தது. அதன்பின் வண்டி செய்யும் முறையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டம். முன்பாதியில் அவர் மேதை. அதை மறுப்பவன் மூடன். ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நகரும் வரிசை வந்து, சேஸிஸ் முடுக்கும் பன்னிரண்டரை மணி நேர வேலை ஒன்றரை மணி ஆயிற்று. வேலையின் சலிப்பில் ஆட்கள் ஓட்டம் பிடிக்க, 1914 ஜனவரியில் நாள் சம்பளம் ஐந்து டாலர் என்று அறிவித்துப் பிடித்து வைத்தார். பின்பாதியில்தான் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

1912இல் அவர் ஐரோப்பா போயிருந்த சமயம் பொறியாளர்கள் மாடல்-டியை மெருகேற்றிப் பளபளவென்று சிவப்பில் ஒரு புது மாதிரி செய்து வைத்திருந்தார்கள். உடனிருந்த ஊழியர் ஒருவர் பிற்பாடு சொல்லிப் பதிவான காட்சி இது. ஃபோர்டு கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு கதவைப் பிடித்து இழுத்துப் பிய்த்தார். அடுத்து இன்னொரு கதவு. அப்புறம் முன்கண்ணாடி. ஆய்வு அறிக்கைக்கு இத்தனை தெளிவான பதிலை எந்த நிர்வாகக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. 1926இல் எர்னஸ்ட் கான்ஸ்லர், மகன் எட்ஸலுக்குச் சகலை, புது வண்டி அவசியம் என்று பணிவாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று. மறுவருடம் மே மாதம் பதினைந்தாவது மில்லியன் வண்டி இறங்கிய கையோடு மாடல்-டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த மாடல் டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரொலே கடைகளில் நல்ல வியாபாரம்.

அதற்காக ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்கள் எதிர்த் திசையில் வழி கண்டார்கள். கண்டுபிடிப்பாளரைத் தெய்வமாக்குவது. சார்லஸ் கெட்டரிங் அதற்குத் தகுதியான ஆள். எஞ்சினைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்த காலத்தில், 1912 காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வைத்தவர். அந்த வேலைக்கு மோட்டார் பூதாகரமாக இருக்க வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். சில விநாடி மட்டும் முக்கினால் போதுமே என்றார் இவர். முன்பு கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் வைத்துப் பழகிய கை.

அப்படிப்பட்டவர் சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடு பதித்து, காற்றாலேயே குளிரும் எஞ்சின் செய்கிறேன் என்றார். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் கொதிக்காது, உறையாது. கம்பெனித் தலைவர் பியர் டு பான்ட் சொக்கிப்போனார். கம்பெனியின் பிரிவுகளான செவ்ரொலேவும் ஓக்லண்டும் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆலைக்காரர்களைக் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஓக்லண்ட் ஆட்கள் சோதித்துவிட்டு இது இன்னும் பக்குவப்படவில்லை என்றார்கள். ஆய்வுக்கூடம் உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை என்றது. கம்பெனி நிர்வாகி ஆல்ஃப்ரட் ஸ்லோன் மட்டும் பழைய தண்ணீர் எஞ்சினை அணைக்காமல் பக்கத்திலேயே ஓடவிட்டார். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் பிடித்த நிர்வாகி அவர்தான், ஆனால் ஃபோர்டைப் பற்றிச் சொல்வதுபோல் கதை சொல்ல அவரிடம் சரக்கு இல்லை.

1923 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் செம்பு செவ்ரொலே ஜொலித்தது. மொத்தம் செய்தது 759. அதில் 239ஐ ஆலையிலேயே உடைத்துப் போட்டார்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை நூறு சொச்சம். ஜூன் மாதம் எல்லாவற்றையும் திரும்ப அழைத்தார்கள். கெட்டரிங் ராஜினாமா கடிதம் எழுதினார். அதற்குள் தலைவராகிவிட்ட ஸ்லோன் சமாதானம் பேசி அவரை இருக்கவைத்தார்.

திரும்பி வராமல் தப்பிய செம்பு செவ்ரொலேக்கள் மிகச் சில. அதில் ஒன்று இருப்பது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு ஏற்படுத்திய அருங்காட்சியகத்தில்.