பொறுத்தார் தீவாள்வார்

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வர ஆரம்பித்ததும் இவர்களுக்கு டிசம்பர் ஞாபகம் வந்துவிடும். "அரையாண்டு லீவுக்கு யாரும் வேற எங்கயும் ஒத்துக்காதீங்க. இந்த வருஷம் தீவு!" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு விழும். பின்னாலேயே நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னைமரம் என்று ஒரு படம். படத்துக்குக் கீழே தலைக்கு ஆகும் செலவு. அந்தத் தொகையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டத்தான் முடியும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இந்த வகையறாவுக்குத் தீவாள்வார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். என் அக்கா வீட்டுக்காரரை மனசில் வைத்து எழுதுவதாக யாராவது போய் வத்தி வைத்தால் மறுத்துவிடுவேன். இது பொதுவாக எழுதுவது.

தீவாள்வாருக்குத் தெரியாத தீவு கிடையாது, போன தீவும் கிடையாது. மாலத்தீவு என்றால் கோடீஸ்வரர்கள் போகிற இடம் என்று நீங்கள் பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சின்ன விடுதி நடத்த அங்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள், மாஃபுஷியில் நம்ம ஊர் லாட்ஜ் மாதிரி அறை கிடைக்கும், நமக்கு விசாக் கட்டணம் கிடையாது, கடல் விமானத்தில் ஏறினால் குடும்பச் சொத்து போய்விடும், ஊர்க்காரர்கள் போகிற படகில் போனால் சில்லறைக் காசு, ஆனால் வெள்ளிக்கிழமை அந்தப் படகு ஓடாது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பாலி என்றால் "டிசம்பர்ல அங்க மழை" என்பார். லட்சத்தீவு என்றால் "பர்மிட் வாங்கணுமே" என்பார். அந்தமானில் போர்ட் பிளேர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "2024லயே ஸ்ரீ விஜயபுரம்னு மாத்தியாச்சு. ஹேவ்லாக்னும் சொல்லக் கூடாது, 2018லேர்ந்து ஸ்வராஜ் தீவு" என்று திருத்துவார்.

இவ்வளவு தெரிந்த மனுஷர் ஏன் போகவில்லை? டிக்கெட் விலை இன்னும் குறையவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை விமான டிக்கெட்டுக்கு எழுதிவைத்த விதி என்றே இவர்கள் நம்புகிறார்கள். ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகவர ஒரு விலை காட்டும். நியாயமான விலைதான். "எடுத்துடலாமா?" என்று அக்கா கேட்பாள். தப்பு, தீவாள்வாரின் மனைவி கேட்பாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிப்பார். "இப்ப எடுக்கிறவன் ஏமாளி. பொறு, குறையும்."

செப்டம்பரில் விலை ஏறும். "நாம அடிக்கடி பாக்கிறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் ஏத்தறான்." அன்றிலிருந்து அவர் போனில் யாரும் அந்தமான் என்று தேடக் கூடாது. மச்சினன் போனில் ரகசியப் பக்கம் திறந்து பார்ப்பார், மாமியார் போனில் பார்ப்பார், அடுத்த வீட்டுப் பையனின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் பார்ப்பார். எல்லாவற்றிலும் ஒரே விலை. "கூட்டுக் களவாணிங்க" என்பார். செவ்வாய்க்கிழமை நடுராத்திரி விலை விழும் என்று எவரோ சொல்லக் கேட்டு அலாரம் வைத்து எழுந்து உட்காருவார். விழாது. வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். புதன்கிழமை ஆபீஸில் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நேத்து முந்நூறு ரூபா குறைஞ்சுது, இறங்குமுகம் ஆரம்பம்" என்று பங்குச் சந்தை நிபுணர் தோரணையில் அறிவிப்பார். அந்த முந்நூறு அன்று மத்தியானமே வட்டியோடு திரும்ப ஏறிவிடும்.

உண்மையில் இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரே விமானத்தின் ஒரே மாதிரி இருக்கைகளைத்தான் கம்பெனிக்காரர்கள் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். ஆள் ஏறாத மாதத்தில் கடைசியில் குறைத்து விற்றாலும் விற்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் மொத்தமும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை லீவு விடும்போது, அதுவும் அந்தமானில் மழை ஓய்ந்து கடல் அடங்குகிற பருவத்தில், அவர்கள் எதற்குக் குறைக்க வேண்டும்? இதைச் சொன்னால் தீவாள்வார் ஆமோதித்துத் தலையாட்டுவார். பிறகு, "ஆனா யாராவது ஒருத்தன் கேன்சல் பண்ணுவான்ல?" என்பார். ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த ஒருத்தன் எப்படிப் போதும் என்று கேட்கக் கூடாது.

நவம்பரில் ஆகஸ்ட் விலையைப் போல இரண்டு மடங்கு ஆனதும் கப்பல் யோசனை வரும். சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் உண்டு. போய்ச் சேரக் கிட்டத்தட்ட 3 நாள். "போக 3, வர 3. ஆறு நாள் ரூம் வாடகை மிச்சம்! கூடவே கடல் பாக்கிறதும் ஆச்சு." பிள்ளைகளின் லீவே பத்து நாள்தான் என்பது அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது. அங்கே டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதிலும் அவருக்கு ஒரு லாபம் தெரியும்: "ஆறு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துட்டா, நடுவுல டிபன் செலவு கிடையாது."

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். இவரிடம் யோசனை கேட்டுப் போனவர்கள் நன்றாகவே போய்வருகிறார்கள். மாடி வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு மாஃபுஷித் திட்டம் முழுவதையும் இவர்தான் போட்டுக்கொடுத்தார். எந்தப் படகு, எந்தக் கிழமை, கையில் எவ்வளவு டாலர், குடியிருப்புத் தீவில் எந்தக் கடற்கரையில் எந்த உடை என்பது வரைக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் மாலே விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எழுந்து வழி சொன்னார். ஒரு பைசா வாங்கவில்லை. அவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஆமை பொம்மைக் காந்தம் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதன் அடியில் அடுத்த வருஷத்துப் பட்ஜெட் தாள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் தீவு சுருங்கத் தொடங்கும். "ராமேஸ்வரம் என்ன, தீவு இல்லையா? 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தாச்சு, நடுப்பாலமே மேல எழும்பிக் கப்பலுக்கு வழி விடுதாம்." வாஸ்தவம். ஆனால் ரயில் டிக்கெட்டையும் குறையட்டும் என்று விட்டுவைத்திருந்தவருக்குக் காத்திருப்புப் பட்டியலில் முந்நூற்றுச் சொச்சம் நம்பர் வரும். தத்காலில் பார்க்கலாம் என்பார். பார்ப்பார், அவ்வளவுதான். கடைசியில், "காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம். நடுவுல இருக்கிறது தீவா, இல்லையா?" என்று கேட்டு, அரசுப் பேருந்தில் ஏற்றி, ஸ்ரீரங்கத்தில் அவருடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் இறக்குவார். மார்கழி மாதம், பகல்பத்து, இராப்பத்துக் கூட்டம். பெருமாளைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் அந்த வீட்டில்தான் தங்குவார்கள். பிள்ளைகள் கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, வகுப்பு நண்பர்கள் அனுப்பும் அந்தமான் படங்களைப் பார்ப்பார்கள். இவர் திண்ணையில் உட்கார்ந்து மொத்தச் செலவைக் கூட்டி, ஆகஸ்ட் பட்ஜெட்டில் பாதி மிச்சம் என்று சந்தோஷப்படுவார்.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாத்தனாரும் அக்காவும் அந்தச் சமையலறையில் விடிகாலை நாலு மணிக்கு நுழைந்தால், பதினைந்து பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டு, பாத்திரம் கழுவி, ராத்திரி பத்துக்குத்தான் வெளியே வருகிறார்கள். அக்கா மாலத்தீவு கேட்டதே இல்லை. அந்தமான்கூடக் கேட்கவில்லை. அடுப்பு இல்லாத இடத்தில் நாலு நாள் இருக்க வேண்டும் என்றாள். அதற்கு ஊட்டி போதும், ஏலகிரி போதும். ஆகஸ்ட்டில் அந்த நியாயமான விலைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் அந்தமானே போதும். இவ்வளவு தீவை விரல்நுனியில் வைத்திருக்கும் மனுஷனுக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

இந்த வருஷம் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் டிசம்பர் டிக்கெட்டை ஆகஸ்ட்டிலேயே நான் எடுத்துவிட்டேன். அத்தான் தன்னுடையதை மட்டும், இன்னும் குறையும் என்று விட்டுவைத்திருக்கிறார்.