மஞ்சள் வாளி அண்ணன்

காலையில் சமயநல்லூர் நிறுத்தத்தில் ஆரப்பாளையம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். படிக்கட்டில் தொங்கும் பையன்களைப் பார்த்து, "தம்பி, உள்ள ஏறு. விழுந்தா எங்க காலேஜுக்குத்தான் வருவ, ஆனா படிக்க இல்ல" என்று சொல்கிறவர் அவர்தான். மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன்.

எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். பேராசிரியர்கள் மாறுதலில் வருவார்கள், போவார்கள். இவர் ஆசிட் அலமாரி மாதிரி, வைத்த இடத்தில் இருப்பார்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் இவருடையது. "தண்ணியில ஆசிட்ட ஊத்து. ஆசிட்ல தண்ணிய ஊத்தாத. கோவக்காரன் ஒருத்தன நாலு நல்லவங்களுக்கு நடுவுல விட்டா அடங்கிருவான். அவன்கிட்ட ஒத்தை ஆளாப் போயி சமாதானம் பேசுனா அடிதான் விழும்." வேதியியல் புத்தகத்தில் இதை நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

ஓய்வுபெறப் போகும் பேராசிரியர் ஒருவர் பழைய பழக்கத்தில் பிப்பெட்டை வாயில் வைத்தார். "சார், அது கரும்புச்சாறு இல்ல" என்றார் இவர். அன்றிலிருந்து பேராசிரியர் ரப்பர் பல்பு இல்லாமல் பிப்பெட்டைத் தொடுவதில்லை.

2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் இவருக்குப் பஞ்சாங்கம். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கிளவுஸும் டியூபும் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். மஞ்சள் வாளியில் ஒரு டீக் கப் கிடந்தால் போதும், விசாரணை கமிஷன் உட்கார்ந்துவிடும். ரத்த மாதிரி வைக்கும் பிரிட்ஜில் ஒருநாள் யாரோ டிபன் பாக்ஸ் வைத்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, ஒரு சீட்டு ஒட்டினார்: "மாதிரி: தயிர் சாதம். நோயாளி பெயர், வயது இல்லை. நிராகரிக்கப்பட்டது." கடைசிவரை அந்த நோயாளி முன்வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாங்கி வைக்கும் வழக்கம் எந்தத் தெருவில் இல்லை? தெரு முழுக்க வீடு வீடாகப் போய் மண்டையோடு வரைந்த லேபிள் ஒட்டினார். "பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒண்ணாச் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், ஆத்தா. நெஞ்ச அடைச்சிரும்" என்று பாட்டிமார்களிடம் சொன்னார். "வீட்டுக்குள்ளயாச்சும் மனுஷனா வாங்க" என்பது அவர் மனைவியின் நிரந்தர மனு. ஆனால் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட் இப்போது அந்தத் தெருவில் இல்லை. நானே பார்த்தேன்.

ஊசி குத்திவிட்டால் அவர் சொல்வது: பிதுக்காதே, சப்பாதே, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவு, உடனே போய்ச் சொல். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ரிஜிஸ்டரும் அவர் கையில்தான். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. தப்பி ஓடும் ஹவுஸ் சர்ஜன்களை கேன்டீன் வரை துரத்திப் பிடிப்பார்.

போன மாதம் ஒரு நர்சம்மா அந்த ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார். அண்ணன் பெயருக்கு நேரே டிக் இரண்டுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். "ஊசியப் பார்த்தாலே எனக்குக் கிறுகிறுன்னு வரும்ணே" என்றவர், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பரவை வந்திருச்சு பாருங்க" என்றார்.

ஆரப்பாளையம் வரை வேறு பேச்சே இல்லை. மூன்றாவது டோஸ் இன்னும் பாக்கி.