ஓரமாப் போடு: ஓர் அனுமதி விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், சென்னை.

பொருள்: ‘ஓரமாப் போடு’ என்னும் பலர் மோதும் கைப்பேசி விளையாட்டுக்கு அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

பப்ஜியில் 100 பேர் பாராசூட்டில் குதிப்பார்கள். நீல வட்டம் சுருங்கச் சுருங்க அடித்துக்கொண்டு கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். இதற்காகக் கொரியாக்காரர்கள் ஒரு தீவையே கற்பனை செய்ய வேண்டியிருந்தது. மதுரையில் அந்தச் செலவு இல்லை. மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கும் வரைபடம் நாயக்கர் காலத்திலிருந்தே தயார். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, இவற்றைச் சுற்றி வெளி வீதிக்கு வழிவிட்டாரே, அதுதான் கடைசிப் பெரிய அப்டேட். பிறகு வந்ததெல்லாம் பள்ளம் தோண்டி மூடும் சில்லறைத் திருத்தங்கள்.

ஆட்டம் இதுதான். 100 பேர் ஆளுக்கொரு டூவீலரோடு பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள். கோயில் பக்கம் வண்டி நிறுத்த ஒரே ஓர் இடம். ஆயுதம் கிடையாது, ஹாரன் உண்டு. ஷேர் ஆட்டோ எந்த நொடியில் எங்கே நிற்கும் என்பது புரோகிராம் எழுதிய பையனுக்கே தெரியாது. கடை வாசலில் நிறுத்தினால், “அண்ணே, யாவார நேரம், கொஞ்சம் தள்ளிப் போடுங்க” என்று குரல் வரும். மூன்று தடவை தள்ளினால் விளக்குத்தூணுக்கே போய்விடுவீர்கள். அங்கே ஒரு ஜிகர்தண்டா குடித்தால் போன உயிர் திரும்பும். கடைசி வட்டமான சித்திரை வீதியில் வண்டிக்கே அனுமதி இல்லை. ஆகவே வண்டியோடு வந்தவர் அவுட். விட்டுவிட்டு நடந்து வந்தவருக்கு, வண்டியை எங்கே விட்டோம் என்று தேடுவது அடுத்த லெவல்.

இது திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்பீர்கள். விசாரித்துவிட்டோம். இடம் கிடைத்தவர்கள் திறமை என்கிறார்கள், கிடைக்காதவர்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ரம்மிக் கம்பெனிகளும் திறமை என்றுதான் வாதாடின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், எதுவானாலும் சரி, காசு கட்டி ஆடினால் தடை என்று ஒரே போடாகப் போட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. சம்பளத்தைத் தோற்றுவிட்டு வந்தவன் வீட்டில், திறமையில் தோற்றாயா அதிர்ஷ்டத்தில் தோற்றாயா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆட்டத்தில் காசே கிடையாது. வீதியில் கட்டும் அபராதம் கம்பெனிக் கணக்கில் வராது.

2025-இல் நீங்கள் போட்ட விதிகள் காசு ஆட்டத்துக்குத்தான். இருந்தாலும் நல்ல பிள்ளையாகக் கடைப்பிடிக்க உத்தேசம். ஆதாரும் ஓடிபியும் வாங்கிக்கொள்வோம். ஒரு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கொரு எச்சரிக்கை திரையில் வரும்: ‘நீங்கள் 90 நிமிடமாக மேல மாசி வீதியிலேயே இருக்கிறீர்கள்.’ ஆடுகிறவர் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வாரா, இரங்கல் செய்தியாகவா, தெரியவில்லை.

இடிப்பது ஒரே விதிதான். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாதாம். மற்ற ஊர்களுக்கு அது தூங்கும் நேரம். தூங்கா நகரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அப்போதுதான், எங்கள் ஆட்டத்தில் யாராவது ஜெயிப்பதும் அப்போதுதான். எனவே மதுரைக்கு மட்டும் விலக்கு வேண்டும். பதிலுக்கு, அழகர் ஊருக்குள் வரும் நாட்களில் சர்வரை நாங்களே மூடிவிடுகிறோம். அந்தக் கூட்டத்தை வைகை தாங்கும், எங்கள் சர்வர் தாங்காது.

நேரடி ஆய்வுக்கு அலுவலர் யாரையாவது அனுப்புவதானால் மகிழ்ச்சி. காரில் மட்டும் வர வேண்டாம். ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தால் நேரே மேலக் கோபுரம்தான்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்
(வண்டி வடக்கு மாசி வீதியில் நிற்கிறது, பதிலைச் சீக்கிரம் அனுப்பவும்)