தைப்பிங்கில் பழைய ஹைட்ரஜன் கார் வாங்குவது எப்படி?

விலையைக் கேட்டதும் ஆசை வரும். அமெரிக்காவில் 57,500 டாலருக்கு அறிமுகமான டொயோட்டா மிராய், சில வருடங்களிலேயே 10,000 டாலருக்கும் கீழே இறங்கியது. ஏன் என்று கேட்காமல் முன்பணம் கட்டத் துடிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

1. ஹைட்ரஜன் நிரப்பும் இடத்தைத் தேடுங்கள். நம் பேராக் மாநிலத்தில் கிடையாது. கூச்சிங்கில் 2019-இல் ஒன்று திறந்தார்கள். குறுக்கே தென்சீனக் கடல் மட்டும்தான். கிடைத்தாலும் நம்பிவிடாதீர்கள். கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை 2024-இல் இழுத்து மூடியது.

2. விற்பவரின் கதையைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் புதுக் காரோடு 15,000 டாலர் வரை எரிபொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் கிலோ 36 டாலர் வரை போனது, 5.6 கிலோ பிடிக்கும் புதிய மிராய்க்கு ஒரு தடவை நிரப்ப 200 டாலர். "ஒரே ஓனர், அதிகம் ஓட்டவில்லை" என்று தரகர் சொன்னால் அத்தனையும் உண்மை. ஓட்டக் கட்டுப்படியாகவில்லை.

3. நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் ஒரு தேதி இருக்கும். டாங்கின் ஆயுள் 15 ஆண்டு, அதன்பின் நிரப்பக்கூடாது. ரொட்டிப் பாக்கெட்டில் தேதி பார்க்கும் கண்ணோடு பாருங்கள்.

4. குழாய் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஹைட்ரஜனை மைனஸ் 40 பாகை வரை குளிரவைத்து, 700 பார் அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். ஈரக்காற்றில் குழாய்முனை உறைந்து காரை விடாது. கலிபோர்னியாவிலேயே உரிமையாளர்கள் புலம்புகிறார்கள். நமதோ, இன்று மழை வருமா என்று பந்தயம் கட்டிய ஊர். உறைந்தது உருகும்வரை ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள்.

5. தண்ணீர்ப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். புகைக்குப் பதில் தண்ணீர் கொட்டும். தைப்பிங்கில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

6. கமுந்திங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூடியைத் தூக்கிய போர்மன் எஞ்சினைத் தேடுவார். உயர் மின்னழுத்தத்தில் கைவைக்க அதற்கென்று பயிற்சி வேண்டும்.

காரில் பெரிய குற்றமில்லை. சத்தமில்லாமல் சுகமாக ஓடும். தள்ளுபடி கிடைப்பது காரின் குறைக்காக அல்ல, ஊரில் இல்லாத எரிபொருளுக்காக. வீட்டுக்குப் பக்கத்தில் நிரப்ப ஓர் இடமும், அது பழுதானால் போக இன்னோர் இடமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதுவரை உங்கள் மைவி காரை விற்றுவிடாதீர்கள்.