கட்டியக்காரன் வண்டி

சென்னைப் புறநகரான நாவலூரில் மூன்று வருஷப் பழைய செல்போனுக்கே "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார்" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றிப் பேசுவது, கல்யாணப் பந்தியில் பல் செட்டைக் கழற்றி இலையோரம் வைப்பதற்குச் சமம். இருந்தாலும் பேசத்தான் போகிறேன். அந்த வண்டியின் பிறந்த வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. கேளம்பாக்கம் போய், வண்டலூர் சாலையில் திரும்பி, ஜி.எஸ்.டி. சாலையைத் தொட்டு, கொஞ்சம் வடக்கே போனால் பெருங்களத்தூர். கார் செய்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகம்.

ஹெரால்டு என்றால் கட்டியக்காரன். ராஜா வருமுன் மேடைக்கு வந்து கலாட்டா செய்துவிட்டுப் போவாரே, அவர்தான். பெயர் வைத்தவர்களுக்குக் கூத்து ஞானம் ஏதும் கிடையாது. இங்கிலாந்துக் கம்பெனியின் நிர்வாகி ஆலிக் டிக் வைத்திருந்த படகின் பெயர் அது.

வண்டி பிறந்ததே ஒரு பங்காளிச் சண்டையில். கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்து வந்தது பிஷர் அண்டு லட்லோ. 1953இல் அந்தப் பட்டறையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வளைத்துப்போட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நம் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி. இனி முழு பாடியாகச் செய்துதர ஆளில்லை. சரி, துண்டு துண்டாகச் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி அழகாக வரைந்துகொடுத்தார். 1959இல் அதே கம்பெனியின் டிரயம்ப் முத்திரையோடு 'டிரயம்ப் ஹெரால்டு' வெளியே வந்தது. கழற்றி மாட்ட முடிகிற கார் என்பதால் கடல் தாண்டியும் சுலபமாகப் பொருத்த முடிந்தது. 1961இல் நம் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது.

இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்றால் 'சும்மா சாதாரணம், டீலக்ஸ் இல்லை' என்று அர்த்தம் இறங்கிப்போனதால், 1963க்குள் அந்தப் பெயரையே தலைமுழுகிவிட்டார்கள். நம் ஊரில் "ஆளு ஸ்டாண்டர்டு" என்றால் பெண் கொடுக்கலாம் என்று பொருள். வெள்ளைக்காரன் வெட்கப்பட்டுக் கழற்றிப்போட்ட பெயரை நாம் கால் நூற்றாண்டு பெருமையாக முகத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

948 சி.சி. எஞ்சின். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முதலை வாய் போலத் திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்து, டீ கிளாஸை சேஸிஸில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும். பின்பக்கம்தான் தகராறு. குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், அதில் இருபுறமும் ஊஞ்சலாடும் ஆக்ஸில். டிரைவர் மட்டும் போனால் ஒழுங்காக நிற்கும். மாமனார், மாமியார், அரிசி மூட்டை என்று பின்னால் ஏறினால் சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இங்கிலாந்தில் இந்தக் கார் கடைசிவரை இரண்டு கதவோடுதான் வந்தது. முன் சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டிப் பிடித்துப் பின்னால் நுழைய நம் பாட்டிமார்கள் சம்மதிப்பார்களா? நம் ஊரில் பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

1972இல் பின் ஆக்ஸிலை மாற்றி, முகத்தைத் திருத்தி, 'கெசல்' என்று மான் பெயர் சூட்டினார்கள். 1977இல் மானும் நின்றது. பிறகு வேன் செய்து காலம் ஓட்டினார்கள்.

1985இல் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இரண்டு வரவுகள். ஒன்று, மிருகக்காட்சி சாலை. மற்றொன்று, ஸ்டாண்டர்டு 2000. ஐரோப்பாவில் விருது வாங்கிய ரோவர் காரின் பாடி. அங்கே உள்ளே இருந்தது மூன்றரை லிட்டர் வி-8. இங்கே அதற்குள் வைத்தது நாற்பதுகளில் பிறந்த பழைய வேன்கார்டு எஞ்சின். பெர்குசன் டிராக்டரில் உழவு ஓட்டிய அதே குடும்பத்து எஞ்சின்! கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் "ஹை... ஹை" என்று மாடு ஓட்டினால் எப்படி இருக்கும்? விலையோ லட்சங்களில். 1983இலேயே மாருதி தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. யானையைக் கட்டித் தீனி போட ஆசைப்பட்டவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நிஜ யானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 1988 வாக்கில் கதை முடிந்தது.

அதற்குப்பின் ஹெரால்டு வைத்திருந்தவர்கள் பாடுதான் பாடு. ஒரு ஹெரால்டு ஓட வேண்டுமென்றால் இன்னொரு ஹெரால்டு சாக வேண்டும். எந்த வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்று வரன் தேடுவதுபோலத் தேடினார்கள். புதுப்பேட்டையில் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி, கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள்.

அறியாமல் கொன்றவர்களும் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் 'ட்ரன்னியன்' என்ற பித்தளை உருப்படிக்கு கிரீஸ் ஆகாது, 90 ஆயில்தான் ஊற்ற வேண்டும். "கிரீஸ் அடிச்சாச்சு சார்" என்று பெருமையாகச் சொல்லும் பட்டறைகளில் கிரீஸ் காய்ந்து இறுகி, ஒருநாள் அதற்குள் திருகியிருக்கும் தண்டு பட்டென்று முறியும்; சக்கரம் தனிக்குடித்தனம் போய்விடும். வண்டிக்கு அவ்வப்போது தொண்ணூறு, பட்டறைக்காரருக்குத் தினமும் தொண்ணூறு என்று இதைச் சுலபமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் விதியின் நக்கல் வேறு. யாரும் சீந்தாத ஸ்டாண்டர்டு 2000க்கு உதிரிபாகம் கிடங்கு கிடங்காக மிஞ்சியது. அதை ரோவர் பிரியர்களுக்காக அள்ளிக்கொண்டு போனது, பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ். ரோவர் பாகம் வேண்டுமென்று அங்கிருந்து பெருங்களத்தூருக்கு வந்தார்கள். ஹெரால்டு பாகம் வேண்டுமென்று இன்றும் இங்கிருந்து பிரிட்டனுக்கு ஆர்டர் போகிறது.

2021இல் மத்திய அரசும் கருணை காட்டியது. ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 'வி.ஏ.' என்ற தனி நம்பர், பத்து வருஷப் பதிவு, புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய். ஒரு நிபந்தனை: அன்றாடக் காரியத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ரேலிக்குப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். கத்திரிக்காய் வாங்கப் போகலாம் என்று எங்கும் எழுதவில்லை.

ஆகவே நாவலூர் மார்க்கெட்டுக்குப் புறப்படும் வி.ஏ. நம்பர் ஹெரால்டு, போகிற வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் போட்டு ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. ரிப்பேருக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். பார்க்கிற எந்தப் போலீஸ்காரரும் நம்புவார்.